ஸ்போர்ட்ஸ் காரின் டயர் காற்றழுத்தம்: மதுரைச் சாலைகளில் சொகுசுக்கும் பிடிப்புக்கும் நடுவே எந்த அளவு?

வைகைக்கரையான் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எஞ்சின் நடுவில் அமைந்த, இருவர் மட்டுமே அமரக்கூடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மாடலின் பெயரை எழுதினால் அண்ணா நகரிலிருந்து திருநகர் வரை ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால், அதை மட்டும் விட்டுவிடுகிறேன். டயர் அளவு முன்பக்கம் 235/40, பின்பக்கம் 265/40. ரிம் நான்கும் 19 அங்குலம்.

ஓட்டுவதற்கு அருமையான வண்டிதான். ஆனால் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறிவிட்டால், அந்த ஏழு கிலோமீட்டர் தூரமும் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ‘டக், டக்’ என்று முதுகுத்தண்டு வரை அடிக்கிறது. ஊருக்குள் குழாய் பதிக்கத் தோண்டி, அரைகுறையாக மூடிய பள்ளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் மனைவி இந்தக் காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். அதே சமயம், விடுமுறை நாட்களில் விடியற்காலையில் திண்டுக்கல் வழியாகச் சிறுமலைக்குப் போகும்போது, அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீரிங் தரும் துல்லியத்தை இழக்கவும் எனக்கு மனமில்லை.

காற்று அடிக்கும் கடையில் கேட்டால், "எல்லாக் காருக்கும் 35, 36 தான் சார்" என்று சொல்லி நான்கு டயரிலும் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைத்து அனுப்பிவிடுகிறார்கள். 28 வரை இறக்கினால் வண்டி மெத்தென்று போகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். சொகுசும் வேண்டும், பிடிப்பும் வேண்டும் என்றால் எந்த அளவில் வைப்பது? எவ்வளவு வரை இறக்குவது பாதுகாப்பானது?

மாட்டுத்தாவணி டயர்க்காரர்:

வணக்கம் ஐயா. டயர் வியாபாரத்திலேயே காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான்கு டயரிலும் 36 என்பதுதான் உங்கள் காருக்குச் செய்யக்கூடியவற்றில் மிக மோசமானது. அது அதிகமா குறைவா என்பதைவிட, முன்னும் பின்னும் ஒன்றாக வைத்ததுதான் பெரிய தவறு. முன்பக்கம் 235, பின்பக்கம் 265 என்று வேறு வேறு அகலத்தில் டயர் போட்டு, எஞ்சினையும் நடுவில் வைத்து, பின் அச்சில் கூடுதல் எடையை ஏற்றிய கம்பெனி, இரண்டு அச்சுக்கும் ஒரே அழுத்தத்தைச் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் பாருங்கள். ஸ்டிக்கர் இருக்கும். ஜெர்மன் கார்களில் பெரும்பாலும் ஒரே எண் இருக்காது. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் இருக்கும். அந்த ஊரில் வேகவரம்பே இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகள் இருப்பதால், மணிக்கு 250 கி.மீ.க்கு மேல் போகிறவருக்கும் சேர்த்து எண் கொடுத்தாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நம் நான்குவழிச் சாலையில் சட்டப்படி போகக்கூடிய வேகம் 160-க்கு அருகில்கூட வராது. ஆகவே குறைந்த வேகத்துக்கும் குறைந்த சுமைக்கும் கொடுத்த வரிசையே உங்களுக்கு உரியது. போர்ஷே தன் சில மாடல்களில் ‘கம்ஃபர்ட்’ அழுத்தம் என்று ஒரு தனி அளவையே தருகிறது. அதற்கும் ஒரு வேக வரம்பு வைத்துத்தான் தருகிறது.

டயரின் பக்கச் சுவரில் ‘மேக்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைச் சிலர் கம்பெனி சொன்ன அளவு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்சம். உங்கள் காருக்கான அளவு அது அல்ல.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2318 என்று இருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். இப்படிப்பட்ட கார்கள் குறைவாகவே ஓடுவதால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் வரிகள்) தேயாமல் புதிதுபோல் இருக்கும். ஆனால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். நம் ஊர் வெயிலில் வெளியே நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். நகத்தால் அழுத்திப் பார்த்தால் கட்டைபோல் இருக்கும் டயரில் நீங்கள் எந்த அழுத்தம் வைத்தாலும் அடிக்கத்தான் செய்யும். ரன்-ஃப்ளாட் டயரா என்றும் பாருங்கள். காற்று போனாலும் எடையைத் தாங்குவதற்காகவே சுவரைத் தடிப்பாகச் செய்திருப்பதால், அதில் காற்றைக் குறைத்துக் கிடைக்கும் சொகுசு சொற்பம்.

கணக்கு வாத்தியார்:

மேலே டயர்க்காரர் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையில் எது மாறுகிறது, எது மாறாது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

சாலைக்கும் உங்கள் இருக்கைக்கும் நடுவே இரண்டு வில்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதலாவது டயரில் உள்ள காற்று, இரண்டாவது சஸ்பென்ஷன் ஸ்பிரிங். டயர், ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு விறைப்பானது. அதிர்வை அடக்கும் திறனும் அதற்கு மிகக் குறைவு. வண்டியின் உடல் மேலும் கீழுமாக அசைவது விநாடிக்கு ஒன்றிரண்டு முறைதான். அந்த அசைவை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஆள்கின்றன, டயர் அழுத்தத்துக்கு அதில் பங்கு மிகச் சிறியது. ஆனால் மேம்பாலத்தின் இணைப்பு, பெயர்ந்த ஜல்லி, பூனைக்கண் விளக்கு போன்ற சிறிய, கூர்மையான மேடுகளைக் கடக்கும்போது சக்கரம் மட்டும் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை துடிக்கிறது. அந்த வேகத்தில் வரும் அடியை முதலில் வாங்குவது டயர்தான். எனவே நத்தம் சாலைப் பாலத்தில் உங்களுக்கு ‘டக், டக்’ என்று கேட்பது, சரியான அழுத்தத்தால் ஓரளவு குறையக்கூடிய வகையைச் சேர்ந்தது. தோண்டி மூடிய பள்ளத்தில் விழும் அடி அப்படியல்ல. அங்கே அழுத்தத்தைக் குறைத்தால் சொகுசு கூடுவதற்கு முன்பே ரிம்முக்குத்தான் ஆபத்து வரும்.

ஏன் என்று பார்ப்போம். 235/40 என்றால் டயரின் அகலம் 235 மி.மீ., அதில் 40 சதவீதம் சுவர் உயரம், அதாவது 94 மி.மீ. சாதாரண ஹேட்ச்பேக்கில் வரும் 185/65 டயருக்கு அது 120 மி.மீ. உங்கள் சுவர் ஏற்கெனவே 26 மி.மீ. குட்டை. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, ரிம்மின் உதட்டுக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே சுவர் நசுங்கினால் உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிடும். சில நாள் கழித்து அந்த இடத்தில் கொழுக்கட்டை அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கும். புடைத்த டயரைப் பஞ்சர் போட்டுச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்த நசுங்கலைத் தடுத்து நிற்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 28 வரை இறக்கச் சொன்ன நண்பரிடம் ஒரு 19 அங்குல அலாய் வீலின் விலையையும் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீரிங்கின் துல்லியத்தைப் பொறுத்தவரை, நீங்கள் சக்கரத்தைத் திருப்பியதும் டயர் தரையைப் பற்றியிருக்கும் பகுதி உடனே திரும்புவதில்லை. முதலில் சுவர் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கிறது, பிறகுதான் திருப்பும் விசை முழுமையாக உருவாகிறது. அழுத்தம் குறையக் குறைய அந்தத் தாமதம் கூடுகிறது. சிறுமலை வளைவுகளில் நீங்கள் ரசிக்கும் கூர்மை, பெரும்பாலும் முன் டயரின் சுவரில்தான் இருக்கிறது. ஆனால் கூர்மை என்பது வேறு, பிடிப்பு என்பது வேறு. அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் ஸ்டீரிங் இன்னும் சுறுசுறுப்பாகத் தோன்றும். அதே நேரத்தில் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, டயர் நடுவில் மட்டும் தேய்ந்து, மேடுபள்ளமான வளைவில் சக்கரம் துள்ளி, பிடிப்பு குறையும். 36 வைத்து ஓட்டும்போது உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் சுறுசுறுப்பு, கொஞ்சம் ஏமாற்றம்.

முன்–பின் வித்தியாசம் பற்றி டயர்க்காரர் சொன்னதற்கு ஒரு காரணம். பின் அழுத்தத்தை மட்டும் கம்பெனி சொன்னதற்குக் கீழே இறக்கினால், வளைவில் பின்பக்கம் முதலில் நழுவும் போக்கு கூடும். நடு எஞ்சின் கார் அப்படி நழுவத் தொடங்கினால் திருத்த நேரம் கொடுக்காது. குறைப்பதாக இருந்தாலும் கூட்டுவதாக இருந்தாலும், இரண்டு அச்சிலும் ஒரே அளவு மாற்றி அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுங்கள்.

அழகர்கோயில் சாலை:

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் என் டர்போ செடானில் நெடுநாளாக 27-தான் வைக்கிறேன். வண்டி மெத்தென்று போகிறது, பிடிப்பும் கூடியிருக்கிறது. ரேஸ் ஓட்டுகிறவர்களே காற்றை இறக்கித்தானே ஓட்டுகிறார்கள்? பரப்பு கூடினால் பிடிப்பு கூடும் என்பது எளிய விஷயம்தானே?

செட்டிப்பாளையம் டிராக்:

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. டிராக்கில் ஓட்டுகிற யாரும் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அவ்வப்போது ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். டிராக்கில் குளிர்ந்த டயரில் காற்றை இறக்குவது, குறைந்த அழுத்தத்தில் ஓட்டுவதற்காக அல்ல. சில சுற்றுகள் முடிவதற்குள் கடுமையான பிரேக்கிலும் வளைவிலும் டயர் சூடேறி, அழுத்தம் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை ஏறிவிடும். சூடான நிலையில் அழுத்தம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தொடக்க அழுத்தத்தை வைக்கிறோம். வண்டி பிட்டுக்குள் (டிராக்கின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பார்க்கும் இடம்) வந்த உடனேயே அளவியை வைத்துப் பார்த்து, கூடியதை வெளியேற்றுகிறோம். வீட்டுக்குக் கிளம்பும் முன் மறுபடியும் காற்று அடித்துக்கொண்டுதான் நெடுஞ்சாலையில் ஏறுகிறோம். சாலையில் அந்தச் சூடு ஏறாது. நான்குவழிச் சாலையில் நன்றாக ஓட்டினாலும் 3, 4 கூடினால் அதிகம். எனவே நீங்கள் 27 வைத்தால் பயணம் முழுவதும் ஏறத்தாழ 30-இலேயே ஓடுகிறது.

உங்கள் செடானுக்குக் கம்பெனி சொன்னது 30 என்றால் 27 கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 33 என்றால் நிலைமை வேறு. சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக வளைந்து நிமிர்வதால் உள்ளே சூடு சேர்ந்துகொண்டே இருக்கும். வாடிப்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை சித்திரை வெயிலில் ஒரே வேகத்தில் போகும்போது அந்தச் சூடுதான் டயரைப் பிளக்கும். டி.பி.எம்.எஸ். (டயரில் காற்று குறைந்தால் சொல்லும் கருவி) எச்சரிக்கை வரவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். பல கார்களில் அழுத்தம் கால் பங்கு குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும்.

இன்னொரு ஆபத்து மழை. ஐப்பசி, கார்த்திகையில் ரிங் ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது எல்லோருக்கும் தெரியும். விமான டயர்களை வைத்து 1960-களில் நாசா ஒரு சூத்திரம் தந்தது: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால், டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் மைல் கணக்கில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ.க்கு அது ஏறத்தாழ 94 கி.மீ., 26-க்கு 85 கி.மீ. கார் டயரின் பட்டன் ஆழமும் அகலமும் இந்த எண்ணை மாற்றும் என்பதால், எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். காற்று குறைந்தால் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீரைப் பிளக்கும் விசை குறைகிறது. 265 அகலமுள்ள பின் டயருக்கு இது இன்னும் மோசம்.

கொடைக்கானல் பயணி:

கேள்வி கேட்டவர் சிறுமலையோடு நிற்கப் போவதில்லை, என்றைக்காவது வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கும் ஏறுவார் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன். மேலே போனால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலரும், கூட்ட வேண்டும் என்று சிலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் வேண்டாம்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் மதுரையைவிட 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைவு. அளவி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை என்பதால், டயர் அப்படியே இருந்தாலும் எண் 3 கூடித் தெரியும். ஆனால் மதுரையில் 32 டிகிரி, மேலே 15 டிகிரி என்றால், அந்தக் குளிரால் 2.5 வரை குறைந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகின்றன.

தவறு நடப்பது எங்கே என்றால், மலையேறி முடித்த சூட்டில் அளந்து பார்த்து, 30 வைத்தது 36 காட்டுகிறதே என்று பயந்து மறுபடி 30-க்குக் காற்றை இறக்கும்போதுதான். மறுநாள் டயர் குளிர்ந்ததும் அது 25-க்கு அருகில் வந்து நிற்கும்; அதே நிலையில் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குவோம். சூடான டயரில் கூடுதலாகத் தெரியும் காற்றை, டிராக்கைத் தவிர வேறு எங்கும் வெளியேற்றாதீர்கள்.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கதவுத் தூணில் இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. முதல் வரிசை, 160 கி.மீ. வேகம் வரை இருவர் மட்டும் செல்வதற்கு: முன்பக்கம் 2.1 பார், பின்பக்கம் 2.3 பார். அதாவது ஏறத்தாழ 30.5, 33.5 பி.எஸ்.ஐ. இரண்டாவது வரிசையில் 2.4, 2.7 என்று இருக்கிறது. முன் டயர்களின் தேதி ஒத்துக்கொள்ளக்கூடியதாக உள்ளது. பின் டயர்கள் பழையவை என்பதால் மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன்.

முதல் வரிசையின் அளவை வைத்து நேற்று மேம்பாலத்தில் போனேன். இணைப்புகளின் அடி இன்னும் தெரிகிறது, ஆனால் முதுகுக்கு வராமல் இருக்கையோடு நின்றுவிடுகிறது. ஸ்டீரிங்கில் பெரிய வேறுபாடு எனக்குப் புலப்படவில்லை.

ஒரு சந்தேகம். குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும் என்கிறீர்கள். ஆனால் பெட்ரோல் பங்க் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் சூடாகிவிடுமே? அதோடு, இன்று காலை பார்த்தபோது வலப்பக்க டயர்கள் இரண்டிலும் இடப்பக்கத்தைவிட ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டியது. கசிவா?

மாட்டுத்தாவணி டயர்க்காரர்:

பின் டயர் மாற்றும்போது முன்பக்கம் உள்ள அதே மாடலையே போடுங்கள் ஐயா. பழையதில் ‘எக்ஸ்.எல்.’ (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று இருந்தால் புதியதிலும் அது இருக்க வேண்டும். எக்ஸ்.எல். டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவது 2.9 பாரில், சாதாரண வகை 2.5 பாரில் என்பதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் ஸ்டிக்கரில் உள்ள எண்ணுக்கே பொருள் மாறிவிடும்.

வலப்பக்கம் கூடுதலாக இருந்தது கசிவு அல்ல. வண்டி கிழக்குப் பார்த்தோ மேற்குப் பார்த்தோ நின்றிருந்தாலும் சரி, எப்படி நின்றிருந்தாலும் சரி, வெயில் பட்ட பக்கம் கூடித்தான் காட்டும். பத்து டிகிரி சூடு கூடினால் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், கருப்பு ரப்பரில் காலை வெயில் நேராக விழுந்தால் அதற்கு மேலும் ஏறும். விடியும் முன், அல்லது நிழலில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் வால்வைப் பார்க்கலாம்.

பங்க் தூரமாக இருப்பதற்கு வழி இருக்கிறது. நல்ல அளவி ஒன்று வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பங்க்குக்குப் பங்க் அளவிகள் வேறு வேறாகக் காட்டும் என்பதால், எப்போதும் ஒரே அளவியை நம்புவதுதான் முக்கியம். கிளம்பும் முன் ஒவ்வொரு டயருக்கும் எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் 28 இருந்து 30.5 வேண்டுமென்றால் குறை 2.5. பங்க்கில் அதே டயர் சூட்டில் 30 என்று காட்டும், அதோடு 2.5 சேர்த்து 32.5 வரை அடிக்கச் சொல்லுங்கள். பையன் "போதும் சார்" என்று 30-இலேயே நிறுத்தப் பார்ப்பான், நீங்கள் பக்கத்தில் நின்று அடிக்க வையுங்கள். மறுநாள் காலை அளந்தால் 30.5-க்கு அரைப் புள்ளி அங்கே இங்கே இருக்கும். இந்தச் சிரமமே வேண்டாம் என்றால், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் இயங்கும் சிறிய கம்ப்ரசர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காரில் ஸ்டெப்னி இருக்காது, பெரும்பாலும் பஞ்சர் கிட் கொடுத்திருப்பார்கள். அதோடு கம்ப்ரசரும் சேர்ந்தே வந்திருக்கலாம், முன்பக்கப் பெட்டியில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.